நாடிப்பலகை

தனக்கோடி உள்ளங்கையைப் பலகையின் மேல் வைத்தாள். கறுப்புக் கண்ணாடி சில்லென்று இருந்தது. மூச்சை மெதுவாக இழுத்து, மெதுவாக விட்டாள். தாலுகா ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்கிறவள் அவள். படுத்திருப்பவர்களிடம் தினமும் அவளே சொல்கிற வார்த்தைகளைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்: ஒண்ணும் இல்ல, தளர்த்தி விடு, எதையும் நினைக்காத.

முதுகுக்குப் பின்னால் இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் சத்தம் வாக்குச்சாவடி வாசலுக்கும் சன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது. "பொருந்தவில்லை. பதற்றமின்றிச் சற்று நேரம் கழித்து வரவும்" என்றது இயந்திரத்திலிருந்து ஒரு இனிமையான பெண்குரல்.

வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். மறுபடியும் சிவப்பு.

"அவ்ளோதாம்மா. ஒரு ஆளுக்கு ரெண்டு தடவைதான்" என்றார் அதிகாரி, தலையைத் தூக்காமல். "அடுத்த எலெக்‌ஷன்ல பாத்துக்கலாம். நெக்ஸ்ட்."

பள்ளிக்கூடத்து மதிலோரம் ஏரிக்கரைத் தெருவின் பாதிப்பேர் நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் சிவப்பு. பக்கத்து வரிசையில் ஊர்க்காரர்கள் பேசிச் சிரித்துக்கொண்டே உள்ளே போய், விரலில் மையோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

கள்ள ஓட்டை ஒழிப்பதற்காக வந்த சட்டம் அது. அட்டை தொலைகிறது, ரேகை கூலிவேலையில் தேய்கிறது, முகம் வயதானால் மாறுகிறது. இதயம் துடிக்கும் தினுசு ஆளுக்கு ஆள் வேறு, அதை எவனாலும் திருட முடியாது என்றார்கள். மாநிலம் முழுவதும் முகாம் போட்டு எல்லோருடைய துடிப்பையும் பதிவு செய்தார்கள். கருங்காலிப்பட்டில் முகாம் நடந்த அன்று ஏரிக்கரை இருளர்களுக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, மின்விசிறிக்குக் கீழே பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள். தனக்கோடியின் சின்னம்மா பூங்காவனம் அங்கேயே குறட்டை விட்டுத் தூங்கிவிட்டாள்.

தூக்கத்தில் பதிந்த துடிப்பைப் போலீஸ் நிற்கும் இடத்தில் கொண்டுவந்து காட்டு என்றால் எப்படி? சுற்றுவட்டாரத்தில் எங்கே எது காணாமல் போனாலும் ஜீப் முதலில் வருவது ஏரிக்கரைக்குத்தான். மோட்டார் ஒயர், கோயில் உண்டியல், யாரோ வீட்டு ஆடு. வந்தால் இரண்டு பேரையாவது ஏற்றாமல் போகாது. காக்கிச் சட்டையைத் தொலைவில் கண்டாலே அங்கே குழந்தைக்குக்கூட நெஞ்சு எகிறும்.

மறுநாள் தொலைக்காட்சியில் ஒரு அதிகாரி சொன்னார்: "யாருடைய வாக்குரிமையும் மறுக்கப்படவில்லை. அமைதியாக வரச்சொன்னோம், அவ்வளவுதான்."

ஏரிக்கரையில் ஒருவருக்கு மட்டும் பச்சை எரிந்திருந்தது. ஏகாம்பரத்துக்கு.

அதுதான் யாருக்கும் விளங்கவில்லை. அந்தத் தெருவிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி அவர்தான். ஜீப் சத்தம் கேட்டால் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கோரைப்புல்லுக்குள் போய்ப் படுத்துக்கொள்வார். அவருக்கு எப்படிப் பச்சை?

"ஸ்டேஷனுக்குத் துப்பு சொல்ற ஆளு போல அவரு" என்று குழாயடியில் ஒருத்தி ஆரம்பித்தாள். ஒரு வாரத்துக்குள் அது முடிவான செய்தி ஆகிவிட்டது. ஏகாம்பரம் வந்தால் பேச்சு நின்றது. அரிசி ஆலைக்கு மூட்டை தூக்கப் போகிறவர்கள் வண்டியில் அவருக்கு இடம் விடவில்லை.

ஒருநாள் அவர் ஆஸ்பத்திரிக்கே வந்து தனக்கோடியின் அறை வாசலில் நின்றார். கண் உள்ளே போயிருந்தது.

"இன்னா மாமா, நெஞ்சு வலியா?"

"வலியெல்லாம் இல்லம்மா. என் நெஞ்சுல இன்னா கீதுன்னு நீ பாத்துச் சொல்லு. நான் எவனையும் காட்டிக் குடுக்கல. அத அந்த மிசினு சொல்லுமா?"

அவள் அவரைப் படுக்க வைத்து ஒயர்களைப் பொருத்தினாள். கதவைச் சாத்தியதும் அவர் துடிப்பு மெல்ல இறங்கி, சீராக ஓடியது. நல்ல இதயம். தப்பு ஒன்றும் இல்லை. அந்த நேரம் வெளி வராந்தாவில் கைதி ஒருவனைச் சோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். காவலரின் அதட்டல் கேட்டது. காகிதத்தில் கோடுகள் குபீரென்று நெருங்கின. நெருங்கியது மட்டுமல்ல, அவற்றின் வடிவமே மாறியது. தனக்கோடி குனிந்து பார்த்தாள்.

"மாமா, நீ எப்ப பதிஞ்ச? முகாம்ல உன்னப் பாக்கலியே."

"நான்தான் அன்னிக்கு ஸ்டேஷன்ல இருந்தனே. மோட்டார் ஒயரக் காணோம்னு தூக்கினு போனாங்க இல்ல? முகாம் வண்டி அங்கயும் வந்துச்சு. கையப் பலகைல வைடான்னாங்க. ஏட்டு பின்னால நின்னு பொடனியப் புடிச்சினே இருந்தாரு."

தனக்கோடி அந்தக் காகிதத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டாள்.

அன்று மதியம் டாக்டர் மெஹ்ருன்னிசாவின் மேசை மேல் அந்தக் காகிதத்தை விரித்து வைத்தாள். டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"பாவம், இவரோட பயத்தைத்தான் இவருன்னு பதிஞ்சு வெச்சிருக்காங்க" என்றார். "ஓட்டுப்போட வந்தப்பவும் பயந்திருக்கார். அதான் பொருந்திடுச்சு. மலிவா வாங்கின மெஷின் தனக்கோடி. ஒரு நிமிஷம் பதிஞ்சதை வெச்சு ஒரு மனுஷனை முடிவு பண்ணுது. நல்லதா இருந்தா ஓடும்போது, அழும்போது, தூங்கும்போது எல்லாத்தையும் கத்துக்கும்."

"மாத்திரை குடுத்தா துடிப்பு இறங்கிடும் இல்ல டாக்டர்? ஓட்டுப் போடறதுக்கு முன்னால ஒண்ணு."

"இறங்கும். வீசிங் இருக்கறவங்களுக்கு மூச்சும் சேந்து இறங்கும். உங்க தெருவுல பாதிப்பேர் ஆலைத் தூசுல வேலை செய்றாங்க. நெனச்சே பாக்காதே." டாக்டர் காகிதத்தைச் சுருட்டினார். "உங்க தெரு மட்டும்னு நெனைக்காதே. கலவரத்துக்கு அப்புறம் எங்க அம்மாவுக்குத் போலீஸ் தொப்பியப் பாத்தாலே கை நடுங்கும். அவங்களுக்கும் ரெண்டு தடவையும் சிவப்பு. எங்க மொஹல்லால யாரும் அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கறதில்ல. போகாம இருந்துட்டா அவமானம் இல்ல பாரு."

தனக்கோடி கேட்டாள்: "மறுபடி பதிய முடியுமா?"

"இதய நோய் வந்திருந்தா ஒரு தடவை மாத்திக்கலாம்னு சட்டத்துல இருக்கு. டாக்டர் சான்றிதழ் வேணும்."

"பயம் நோயா டாக்டர்?"

"நான் எழுதினா நோய்தான்." பேனாவை எடுத்தவர் அதைத் திறக்காமலே வைத்திருந்தார். "ஆனா யோசிச்சுக்கோ. வாழ்நாளுக்கு ஒரு தடவைதான். அதுக்கப்புறம் சர்க்காரைப் பொறுத்தவரைக்கும் நீங்க அதுதான்."

யோசிக்க நேரமில்லை. பஞ்சாயத்துத் தேர்தல் வந்துகொண்டிருந்தது. ஏரிக்கரையைத் தனியார் கிடங்கு ஒன்றின் லாரி நிறுத்தத்துக்கு விட்டுவிடலாம் என்று பழைய தலைவர் தீர்மானம் போட்டிருந்தார். வீடுகள், சுடுகாடு எல்லாம் அதில் அடக்கம். மறுபடி அவரே வந்தால் மறுமாதமே பொக்லைன் வரும். அதைத் தடுக்கத்தான் பூங்காவனம் தலைவர் பதவிக்கு மனு கொடுத்திருந்தாள். ஆலையில் நெல் அவிக்கிறவள். உரத்த குரல், அதைவிட உரத்த சிரிப்பு. ஊருக்குள்ளும் அவளுக்கு ஓட்டு உண்டு. ஆனால் ஏரிக்கரை முழுவதும் விழுந்தால்தான் கரையேற முடியும்.

தனக்கோடி தெருவைக் கூட்டி விஷயத்தைச் சொன்னாள்: ஏகாம்பரம் மாதிரி பயத்தோடு மறுபடி பதிந்துகொண்டால், சாவடியில் பயந்தாலும் பச்சை எரியும். ஏகாம்பரத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் சொன்னாள். அவர் தலையைக் குனிந்தபடியே இருந்தார். குழாயடியில் முதலில் பேசியவள் எழுந்து வந்து அவர் கையில் ஒரு டம்ளர் காப்பியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

"தாலுகா ஆபீஸ்லதான் பதியணும். ஸ்டேஷன் அதே காம்பவுண்டு. இன்ஸ்பெக்டர் எப்படியும் வந்து எட்டிப் பாப்பாரு" என்றாள் தனக்கோடி. "ஆனா வருவாருன்னு தெரிஞ்சே போனா பயம் வருமா?"

யாரோ சிரித்தார்கள். "வரும்மா. அதெல்லாம் தானா வரும்."

பூங்காவனம் மட்டும் சிரிக்கவில்லை. "நான் வரல" என்றாள்.

"சின்னம்மா, நீதான் வேட்பாளரு."

"அதனாலதான் சொல்றன். எம்பேருக்கு நேரா பயத்த எழுதி வெக்க மாட்டன். முகாம்ல நான் தூங்கினன், அதுவே இருக்கட்டும். செவப்பு எரிஞ்சா எரியட்டும். உங்களத் தடுக்கல. ஆனா தனக்கோடி, இது எனக்குப் புடிக்கலடி."

தனக்கோடிக்கும் பிடிக்கவில்லை. பிடித்த வழி வேறு ஒன்றும் இருக்கவில்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்த சான்றிதழ்களோடு தெருவே போன அன்று தாலுகா ஆபீஸில் நினைத்தது போலவே நடந்தது. இன்ஸ்பெக்டர் வராந்தாவில் ஏறி, "என்னடா இங்க கும்பல்? எவன்டா கூட்டிக்கிட்டு வந்தது?" என்று லத்தியால் தூணில் தட்டினார். அவ்வளவுதான். வரிசை முழுவதும் சுருங்கியது. ஒரு பெண் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பதிவு செய்கிறவர் ஒவ்வொரு கையாகப் பிடித்துப் பலகையில் வைத்தார். தனக்கோடியின் முறை வந்தபோது இன்ஸ்பெக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முழங்கால் தானாக நடுங்கியது. அந்த நடுக்கத்தை ஒரு நிமிடம் அவள் அடக்காமல் விட்டாள். அப்படி அடக்காமல் விட்டதுதான் பிறகு பல நாள் அவளை உறுத்தியது.

தேர்தல் நாள் வந்தது. இந்த முறை வாக்குச்சாவடிக்குத் தலைமை அலுவலராக வந்தவர் ஹெலன் டீச்சர் என்று ஒரு பெண், வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்காரர். போன தேர்தலில் ஏரிக்கரைக்காரர்கள் திரும்பிப் போன கதை அவர் காதுக்கு எட்டியிருந்தது. வந்ததும் முதல் வேலையாகக் காவலுக்கு நின்ற ஏட்டைக் கூப்பிட்டு, வெளிக் கேட்டுக்கு அப்பால் டீக்கடைப் பக்கம் போய் உட்காரச் சொல்லிவிட்டார். வரிசையில் நிற்பவர்களுக்கு பெஞ்சு போட்டார். ஒரு குண்டானில் மோர் கரைத்து வைத்திருந்தார்.

"வாங்கய்யா, உக்காருங்க. அவசரமில்ல" என்று ஏகாம்பரத்தைக் கூப்பிட்டார். அவர் பின்னால் திரும்பி, யாரைச் சொல்கிறார் என்று பார்த்தார்.

பூங்காவனம் முதலில் போனாள். பச்சை. மை வைத்த விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தாள். "பாத்தியாடி!" என்று தனக்கோடியின் தோளில் அடித்தாள். தெருவே கைதட்டியது. யாரோ ஒரு பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்து மரநிழல், மோர், பெஞ்சு. கல்யாண வீட்டு முற்றம் மாதிரி இருந்தது.

ஏகாம்பரம் மீசையில் ஒட்டிய மோரைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். சிவப்பு.

அவருக்குப் பின்னால் போன இரண்டு பெண்களுக்கும் சிவப்பு.

தனக்கோடி ஓடிப்போய் வரிசையை நிறுத்தினாள். "யாரும் உள்ள போவாதீங்க. ரெண்டாவது தடவை போவவே போவாதீங்க."

ஹெலன் டீச்சர் பதறிக்கொண்டு வெளியே வந்தார். "என்னம்மா ஆச்சு? ஏன் பொருந்தலை? யாராவது பயமுறுத்தினாங்களா?"

"இல்ல டீச்சர். யாரும் பயமுறுத்தல. அதான்."

அவள் சொல்லச் சொல்ல டீச்சரின் முகம் மாறிக்கொண்டே வந்தது. முடித்ததும் அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"போலீஸைத் திரும்பக் கூப்பிடச் சொல்றீங்களா? உங்களுக்காகத்தாம்மா நான் அவரை அனுப்பினேன்."

"தெரியும் டீச்சர்."

பூங்காவனம் குறுக்கே வந்தாள். "வேணாம்டி. நான் தோத்துட்டுப் போறன். இன்னிக்குத்தான் நம்ம சனம் இப்படி உக்காந்து சிரிக்குது. நீயே ஜீப்ப இட்டுனு வருவியா?"

"தோத்தா நீ மட்டுமா தோக்கப் போற சின்னம்மா? உங்கம்மாவப் பொதைச்ச எடத்துல லாரி நிக்குமே, அதுக்கு இன்னா சொல்ற?"

பூங்காவனம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டைத் தாண்டி வெளியே போய்விட்டாள்.

ஏட்டு உள்ளே வர டீச்சர் அனுமதிக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். தனக்கோடியே டீக்கடைக்கு நடந்தாள். ஏட்டு வடை தின்றுகொண்டிருந்தார். வயதானவர். போன மாதம்தான் அவருக்கு அவள் ஈசிஜி எடுத்திருந்தாள்.

"நான் என்ன பண்ணணும் சிஸ்டர்?"

"ஒண்ணும் பண்ண வேணாம் சார். தொப்பிய மாட்டினு, லத்தி எடுத்துனு வந்து வரிசைக்குப் பக்கத்துல நில்லுங்க. முடிஞ்சா சத்தமாப் பேசுங்க."

அவர் வடையைக் கீழே வைத்துவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு எழுந்து வந்தார்.

பாட்டு நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து சுவரோரம் ஒட்டிக்கொண்டார்கள். மோர் டம்ளர்கள் பாதியில் கிடந்தன. "வரிசையா நில்லுங்க!" என்று ஏட்டு ஒரே ஒரு முறைதான் சொன்னார். ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனார்கள். பச்சை. பச்சை. பச்சை. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

முன்பு சிவப்பு எரிந்த இரண்டு பெண்களும் மறுபடி போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். ஏகாம்பரத்தைத் தேடினாள் தனக்கோடி. அவர் கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"மாமா, வா. இன்னும் ஒரு தடவை இருக்கு."

"நீங்க போடுங்கம்மா. என்ன உட்டுடு." அவர் குரல் கெஞ்சவில்லை. "அந்த டீச்சரு என்ன ஐயான்னாங்க. எத்தினி வருசமாச்சு நெஞ்சு இப்படி லேசா கெடந்து. அத நான் உள்ள கொண்டுபோய்க் கெடுத்துக்க மாட்டன்."

அவள் வற்புறுத்தவில்லை.

கடைசியாக அவள் போனாள். ஏட்டு வாசலில்தான் நின்றார். "சீக்கிரம் போங்க!" என்று அவளுக்காகக் குரலை உயர்த்திக்கூடப் பார்த்தார். அவள் கையைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் வராந்தாவை நினைத்தாள், தூணில் தட்டிய லத்தியை நினைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தான் கூப்பிட்டு, தன் சொல்லுக்கு எழுந்து வந்த மனிதர். அவரிடம் அவளுக்கு என்ன பயம்?

சிவப்பு. இரண்டாவது முறையும் சிவப்பு.

"பதற்றமின்றிச் சற்று நேரம் கழித்து வரவும்" என்றது அந்தக் குரல்.

பூங்காவனம் ஜெயித்தாள். பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் ஜெயித்தாள். வாக்குச்சாவடியிலிருந்து வெளியே போனவள் தனக்கோடியுடன் பேசாமலே இருந்து, பதவியேற்புக்கு முதல் நாள்தான் வந்து, "நாளைக்கு நீ முன்னால உக்காரணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஏரிக்கரை மொத்தமும் வந்திருந்தது. லாரி நிறுத்தத் தீர்மானத்தை ரத்து செய்வதுதான் முதல் வேலை என்று பூங்காவனம் ஒலிபெருக்கி தேவையில்லாத குரலில் சொன்னாள். விசில் பறந்தது. பந்தோபஸ்துக்கு வந்த இன்ஸ்பெக்டர், தலைவரம்மாவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு மேடைக்கு எதிரே போய் நின்றார். இனிமேல் தெருவுக்குள் ஜீப் வருவதானால் தலைவரிடம் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும் என்று காலையில்தான் அவரிடம் பூங்காவனம் பேசியிருந்தாள். அவரும் சரி என்றிருந்தார்.

தனக்கோடி முன்வரிசையிலிருந்து திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் கைக்கெட்டும் தொலைவில் நின்றிருந்தும் யாரும் சுருங்கவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்ட அந்தப் பெண் இன்று பக்கத்தில் இருந்தவளோடு எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். இந்தச் சிரிப்போடு அடுத்த தேர்தலுக்குப் போனால் சிவப்புதான் எரியும். மறுபடி பதிய இவர்களில் யாருக்கும் சட்டத்தில் இடமில்லை.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஏகாம்பரம்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மேடை மறைக்குது."

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். பிறகு தள்ளி நின்றார்.

பந்தல் முழுவதும் கைதட்டியது. தனக்கோடிக்கு மட்டும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.